ஏழு பத்து இடி

பம்பாய் வண்டி கைகாட்டிக்கு வெளியே நின்று மூச்சு வாங்குவதற்குள் முனிரத்தினம் நாலாவது ஜன்னலுக்குப் போய்விட்டார். காதில் பென்சில், கக்கத்தில் நீள நோட்டு, கையில் சுருட்டிய கொடி. ஜன்னலோரம் தலைப்பாகை சரியத் தூங்கிக்கொண்டிருந்த ஆசாமியை முழங்கையில் தட்டி எழுப்பி, "எந்தூரு சாமி? சோலாப்பூரா? உங்க ஊர்ல இடி எத்தினி மணிக்கு இடிக்குது?" என்கிறார்.

சோலாப்பூர்க்காரருக்குத் தமிழ் தெரியாது. முனிரத்தினத்துக்கு அது ஒரு பொருட்டா? தெலுங்கில் ஒரு தரம் கேட்டுப் பார்க்கிறார். பிறகு கன்னத்தை உப்பவைத்துக் "கடகடகடா" என்று உருட்டுகிறார், இரண்டு கையாலும் ஆகாயத்தைக் கிழித்துக் காட்டுகிறார், வெறும் மணிக்கட்டைத் தட்டிப் புருவத்தைத் தூக்குகிறார். சோலாப்பூர்க்காரர் வெலவெலத்துப் போய்விட்டார். முன்னால் ஏதோ பாலம் இடிந்து விழுந்துவிட்டது என்றும், நேரம் அதிகமில்லை என்றும் அவருக்குப் புரிந்திருக்கிறது. பெண்டாட்டியை எழுப்பி, மூட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சாமி பேரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நல்ல வேளை, எதிர் சீட்டில் ஒரு பட்டாளத்துக்காரர் இருந்தார். இரண்டு பாஷையும் தெரிந்த புண்ணியவான். அவர் சிரித்து முடித்து, விளக்கிச் சொல்லி, பதில் வாங்கித் தருவதற்குள் கைகாட்டி இறங்கி வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. முனிரத்தினம் கூடவே ஓடினார். "நாலு, நாலரை! சாயங்காலம்!" என்ற பதில் ஏழாவது தந்திக் கம்பத்தருகே அவர் கைக்கு வந்து சேர்ந்தது. மூச்சிரைக்க அங்கேயே நின்று எழுதிக்கொண்டார்.

முனிரத்தினம் கேட் கீப்பர். நாகலாபுரத்திலிருந்து நகரிக்கு வரும் ரோடு, ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுகிறதே, அந்தக் கேட். ஐம்பதை நெருங்கும் வயசு, ஒட்டிய கன்னம், சர்க்கார் கொடுத்த நீலச் சட்டையில் மூன்று பொத்தான். ஒற்றைப் பாதை என்பதால் எதிர் வண்டிக்கு வழிவிட வேண்டி ஏதாவது ஒரு வண்டி அவர் கேட்டருகே நின்றே தீரும். மற்ற கேட்காரர்கள் அப்போது பீடி பற்றவைப்பார்கள். இவர் நோட்டை எடுப்பார்.

சொந்த ஊர் புத்தூர்ப் பக்கம். ஆனால் பதினெட்டு வயசில் வேலைக்குப் போனவரை ரயில்வே கொண்டுபோய்க் குண்டக்கல்லுக்கு அந்தாண்டை ஒரு பொட்டல்காட்டுக் கேட்டில் உட்கார வைத்துவிட்டது. போன பங்குனியில்தான் மாற்றலாகித் திரும்பி வந்தார். அந்தப் பொட்டல்காட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? தண்டவாளம் இருக்கிறது, ஆகாயம் இருக்கிறது. தண்டவாளத்தைப் பார்த்து அலுத்தபோது ஆகாயத்தைப் பார்த்தார். சித்திரையில் தினம் சாயங்காலம் ஒரு கூட்ஸ் வண்டி போன கையோடு இடி இடிப்பது தெரிந்தது. கூட்ஸ் லேட்டானாலும் இடி லேட்டாகவில்லை. "அப்பவே எனுக்குத் தூக்கம் போச்சு. கூட்ஸுக்கு டைம் டேபிள் போட்டது ரயில்வே. இதுக்குப் போட்டவன் எவன்?" என்பார்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். ராய்ச்சூர் கார்டைக் கேட்டார். அங்கே ஒரு மணி நேரம் முன்னால் என்றார். அவ்வளவுதான், மனுஷர் தொலைந்தார். இருபது வருஷத்துக்கு மேலாயிற்று, ஒன்பதாவது நோட்டு ஓடுகிறது. மலையாளத்து நர்ஸம்மாக்கள், கோலார் தங்க வயல் ஆட்கள், திருப்பதிக்கு மொட்டை போட வரும் மராட்டியக் குடும்பங்கள், லீவில் போகும் பட்டாளத்தார், யாரையும் அவர் விட்டதில்லை. மலையாளத்தில் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போதே இடி வந்துவிடும். பஞ்சாபில் புழுதியோடு பொழுது சாய வரும். கல்கத்தாவில் விளக்கு வைத்த பிறகு. இதெல்லாம் நோட்டில் ஊர் வாரியாக, மாச வாரியாக இருக்கிறது.

நம்ம பக்கத்துக்கு அவர் கண்டுபிடித்த அட்டவணை இன்னும் திருத்தம். கோடை முழுக்க, அதைத் தாண்டி ஆவணி புரட்டாசி வரைக்கும், இடி மேற்கே மைசூர்ச் சீமையில் மூணு மணிக்குப் புறப்படும். கோலார் நாலு, பலமனேர் அஞ்சு, சித்தூர் ஆறு, நகரி ஏழு பத்து. திருத்தணிக்கு எட்டு. மெட்ராஸ் போய்ச் சேரப் பத்து. "அப்பால இன்னா ஆவுதுண்ணா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. கண் பளபளக்கும். அசாமிலிருந்து வந்த ஒரு சோல்ஜர் அங்கே விடியக்காலம் நாலு மணிக்கு இடி என்று சொல்லியிருந்தார். முனிரத்தினம் கணக்குப் போட்டார்: மெட்ராஸ் பத்து, அசாம் நாலு. "அதே இடிதான்! கடல் மேல ஸ்டேஷன் கெடையாது பாரு, எங்கியும் நிக்காம போய்க்கினே இருக்குது. ராத்திரி தங்கற ஷெட்டு அசாம்லதான்."

அவர் பெண்டாட்டி கிருஷ்ணம்மாவுக்கு இதில் ஒரே ஒரு சந்தேகம்தான். "தெனம் அங்க போய் நின்னுடுதே, மறுநா மைசூருக்கு எந்த வழியா காலி வண்டி திரும்பி வருது?" முனிரத்தினம் நோட்டை மூடிவிடுவார். "உனுக்கு இன்னா தெரியும், போய் சோத்தப் போடு" என்பார்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து இரண்டு வருஷம். எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. நகரி கடைத்தெருவில் இரண்டு பேர் சேர்ந்து டீ குடித்தால் மூன்றாவது வாய்க்கு எல்லைப் பேச்சு வந்துவிடும். மனு எழுதும் ஆதிநாராயணன் நகரியை மெட்ராசோடு சேர்க்க ஆதாரம் தேடி அலைந்துகொண்டிருந்தார். கல்வெட்டு, கல்யாண உறவு, காய்கறி போகும் திசை எல்லாம் எழுதியாயிற்று. ஒரு நாள் கேட்டுக்கே வந்து, "முனிரத்தினம், இந்த இடி மழை எந்தப் பக்கத்துலேர்ந்து வருது? மெட்ராஸ் பக்கம்தானே?" என்று ஆசையாகக் கேட்டார்.

"இல்லீங்க. சித்தூர்லேர்ந்துதான் வருது. இங்க நின்னுட்டு மெட்ராசுக்குப் போவுது."

ஆதிநாராயணன் முகம் சுண்டிப்போயிற்று. "அத எங்கியும் எழுதித் தொலைக்காதய்யா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதி நாலு மாசம் ஆச்சுங்களே" என்றார் முனிரத்தினம், நோட்டைத் தட்டி.

இந்த நோட்டை முதலில் கேலி செய்தவர்கள் நெசவுத் தெருக்காரர்கள். முதலில் நம்பியவர்களும் அவர்களே. நெசவுக்குப் பாவு என்பது உயிர். நீள நூலையெல்லாம் சேர்த்துத் தெரு நெடுக விரித்துக் கட்டி, கஞ்சி பூசி, கோரைப் பிரஷ்ஷால் இழை இழையாக நீவி, காய வைத்துச் சுருட்ட வேண்டும். ஏழெட்டுப் பேருக்கு மூன்று மணி நேர வேலை. நடுவில் மழை அடித்தால் கஞ்சி கரைந்து, நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நாய் கடித்துத் துப்பியது மாதிரி ஆகிவிடும். சித்திரையில் ஒரு நாள் வானம் கறுத்திருக்கிறதே என்று எல்லாரும் தயங்கியபோது முனிரத்தினம், "விரிங்க, ஏழு பத்துக்குத்தான் வண்டி" என்றார். ஏழேகாலுக்கு இடித்தது. ஆடியில் இரண்டு தரம், ஆவணியில் நாலு தரம் அப்படியே ஆயிற்று. அதற்கப்புறம் தெருக்காரர்கள் ஆகாயத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். கழுத்து வலி மிச்சம்.

ஐப்பசி பிறந்தது. முனிரத்தினத்தின் இடி நிலைகொள்ளாமல் போயிற்று. சாயங்காலம் ஏழு பத்துக்கு ஒன்றையும் காணோம். ஆனால் விடியற்காலம் இரண்டு மணிக்கோ மூணு மணிக்கோ வந்து இடித்துத் தள்ளியது. வேறு யாராயிருந்தாலும் குழம்பியிருப்பார்கள். ஆயுசெல்லாம் ரயில்வே சோறு சாப்பிட்டவருக்கு என்ன குழப்பம்? நோட்டில் எழுதினார்: 'ஏழு பத்து இடி. எட்டு மணி நேரம் லேட்.' மறுநாள்: 'ஏழு மணி நேரம் லேட்.' மெட்ராஸ் பயணிகளைக் கேட்டார். அங்கேயும் விடியற்காலம்தான் என்றார்கள். "பாத்தியா, லைன் பூரா லேட்டு" என்று திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்.

இது விஷயமாக அவருக்குச் சரியான தகவல் கிடைக்காமல் இல்லை. கருவாடு விற்கும் செல்லியம்மா, சத்தியவேட்டுப் பக்கத்துக்காரி, பழவேற்காட்டுச் சரக்கு வாங்கி முதல் பஸ்ஸில் கூடைகளை ஏற்றி நகரிக்கு வருவாள். கேட் மூடியிருந்தால் பஸ் நிற்கும், அவளும் இறங்கிக் கால் நீட்டிக்கொள்வாள். "நைனா, ஐப்பசி கார்த்தியில எங்க பக்கம் இடி கடல்லேர்ந்து வருது. மொதல்ல பழவேற்காட்ல இடிக்கும், அப்பால எங்க ஊரு, அப்பால இங்க" என்று அவள் ஒரு நாள் தானாகவே சொன்னாள். முனிரத்தினம் எழுதிக்கொள்ளவில்லை. முதல் காரணம், கருவாட்டுக் கூடை இருக்கும் திக்கில் அவர் மூக்கைத் திருப்ப மாட்டார், பரம்பரையாகச் சைவம். இரண்டாவது காரணம், அவள் பஸ்ஸில் வருகிறவள். "ரோட்டுல வர்ற சேதிய எப்பிடி நம்பறது? ரயில்னா ஒரு டைம் இருக்குது, கார்டு இருக்குது, கையெழுத்து இருக்குது. காத்துப் பக்கமா நில்லு யம்மா, அந்தாண்ட!" என்றார். செல்லியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

நஷ்டம் வரவிருந்தது யசோதாவுக்கு. நெசவுத் தெருவில் பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தவள் அவள். தறியில் உட்காரவும் தெரியும், பாவு பிணைக்கவும் தெரியும். தறி மட்டும் கிடையாது. பொம்பளை பேரில் தறி கொடுத்த வழக்கம் நெசவாளர் சங்கத்தில் இல்லை. கேட்டுக் கேட்டு, நடையாய் நடந்து, கடைசியில் அவர்களே அலுத்துப்போய் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். ஒரே ஒரு பாவுக்கு நூல் தருவோம். தீபாவளிக்குள் நீயே கஞ்சி போட்டு, நீயே நெய்து, குற்றமில்லாமல் கொண்டு வந்து காட்டு, உன் பேரில் தறி. கெட்டுப்போனால் இன்னொரு நூல் கேட்டு இந்தப் படி ஏறாதே. அதாவது, அவள் கெடுப்பாள் என்று அவர்கள் நிச்சயமாக நம்பினார்கள்.

யசோதா சாயங்காலம் கேட்டுக்கு வந்து கைகட்டி நின்றாள். "ண்ணா, நாளைக்கி விடியக்காலம் பாவு விரிக்கலாமா? இத உட்டா எனுக்கு வேற நூல் கெடையாது. நல்லாப் பாத்துச் சொல்லுண்ணா."

முனிரத்தினம் விளக்கைத் தூண்டி, நோட்டை விரித்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, டாக்டர் மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார். "இன்னிக்கு வர வேண்டியது இன்னும் வரல. ராத்திரி ரெண்டு மூணுக்கு வந்து போயிடும். அதுக்கு அடுத்தது நாளைக்கி சாயங்காலம் ஏழு பத்து. லேட்டா வந்தாலும் வரும். முன்னாடி வராது. என் சர்வீஸ்ல ஒரு வண்டியும் நேரத்துக்கு முன்னாடி வந்தது கெடையாது. தைரியமா விரி."

"சத்தியமாவா?"

"நான் சொல்றேன் இல்ல?"

அன்று ராத்திரி இடி வரவே இல்லை. நட்சத்திரம் பூத்துக் கிடந்தது. முனிரத்தினம் அதைப் பார்த்து, 'ரத்து' என்று எழுதினார். வண்டி ரத்தாவது உண்டுதானே.

விடியற்காலம் ஐந்தரை. பம்பாய் மெயில் வரும் நேரம். கேட்டைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பச்சை விளக்கோடு நின்றிருந்தார். மேற்கே அரை மைல் தள்ளி நெசவுத் தெருவில் பாவு விரித்தாயிற்று என்பது பேச்சுச் சத்தத்தில் தெரிந்தது. கிழக்கேயிருந்து முதல் பஸ் வந்து மூடிய கேட்டின் முன்னால் நின்றது. செல்லியம்மா இறங்கி, மேலே ஏறியிருந்த கிளீனரிடமிருந்து தன் இரண்டு கூடைகளையும் கீழே வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். முனிரத்தினம் வழக்கப்படி மூக்கைத் திருப்பப் போனார். முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

ஆகாயத்தைப் பார்த்தார். தலைக்கு மேல் நட்சத்திரம். இன்னொரு சொட்டு. பஸ்ஸின் கூரையிலிருந்து விழுந்தது. விளக்கைத் தூக்கிப் பிடித்தார். பஸ் முழுக்க நனைந்து, சக்கரத்திலிருந்து ஜன்னல் வரைக்கும் செம்மண் சேறு. செல்லியம்மாவின் புடைவை முட்டி வரை ஈரம். கூடைகளின் தார்ப்பாய்க் கட்டை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளே மட்டும் நனையவில்லை.

"ஏ யம்மா! எங்க மழ?"

"சத்தியவேட்ல நாலேகாலுக்குப் புடிச்சிது நைனா. நாகலாபுரத்தாண்ட பஸ்சு முந்திக்கிச்சி. தொரத்திக்கினே வருது பாரு."

கிழக்கே பார்த்தார். பொழுது விடிய வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு சுவர் எழும்பி நின்றது. அதன் அடியில் ஒரு மின்னல் ஓடியது, சத்தமில்லாமல். மைசூரும் இல்லை, கோலாரும் இல்லை, லேட்டும் இல்லை. இது வேறு வண்டி. எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற வண்டி. அதுவும் இவ்வளவு நாள் வந்துகொண்டே இருந்திருக்கிறது, இவர்தான் அதைப் போன சாயங்காலத்து வண்டி என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.  ஐயோ, அந்தப் பெண்ணின் பாவு!

கூப்பிட்டால் கேட்கும் தூரமில்லை. ஆள் அனுப்பலாமென்றால் பஸ்காரர்கள் பேச்சை அந்தத் தெரு எடுக்காது. கேட்டுக்காரர் சொல்லி விரித்த பாவு, கேட்டுக்காரர் சொல்லித்தான் சுருட்டுவார்கள். மெயிலோ இதோ வந்துவிடும். பச்சை காட்ட ஆள் இல்லையென்றால் டிரைவர் நிறுத்துவார், நிறுத்தினால் முனிரத்தினத்தின் உத்தியோகம் அதோடு சரி. கேட் பூட்டியிருக்கிறது, யாருக்கும் ஆபத்து வராது. வேண்டியதெல்லாம் விளக்கைப் பிடிக்க ஒரு கை. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பஸ் டிரைவர் ஸ்டீயரிங்கில் தலை வைத்துத் தூங்குகிறார். கிளீனர் கூரைமேல் இருக்கிறான்.

"யம்மா, இத்தப் புடி!" விளக்கைச் செல்லியம்மாவின் கையில் திணித்தார். "இங்கியே நில்லு. அசையாத. இப்பிடியே ஒசரப் புடி. இந்தத் திருகாணியத் தொட்டியோ, செவப்பு வந்துடும், மெயிலு நின்னுடும், நான் செத்தேன்."

"அய்யய்யோ, நானா! நைனா, எனுக்கு இன்னா தெரியும், ஏ நைனா…"

நைனா அதற்குள் சின்னக் கதவில் நுழைந்து ஓடிக்கொண்டிருந்தார்.

முப்பது வருஷ சர்வீஸில் வண்டியோடு ஓடியவர் அவர். வண்டிக்கு முதுகைக் காட்டி ஓடியது அன்றைக்குத்தான். தெருமுனையில் போய் நின்றார். தெரு நெடுகப் பாவு வெள்ளை வெளேரென்று விரிந்து கிடந்தது. கஞ்சி பாதி காய்ந்திருந்தது. யசோதா குனிந்து ஒரு இழையை முடிந்துகொண்டிருந்தாள்.

"எடுங்க! மழ வருது!"

ஒருவரும் அசையவில்லை. பிரஷ்ஷும் கையுமாக நின்ற நாகேந்திரன், தெருவில் மூத்த நெசவாளி, தலைக்கு மேல் பார்த்தார். "வானம் பளிச்சின்னு கீது. நீதான சாயங்காலம் ஏழு பத்துன்னே?"

"நான் சொன்னது தப்பு."

இந்த மூன்று வார்த்தையை முனிரத்தினம் அதற்கு முன்னால் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. தெரு முழுக்கக் கேட்கும்படி இரண்டாம் தரமும் சொன்னார். "நான் சொன்னது தப்பு நாகேந்திரா. நோட்டு தப்பு. என்ன அப்பால திட்டு, இப்ப எடு. கடல்லேர்ந்து வருது, கால் மணி கூட இல்ல. யசோதா, உன் கால்ல வேணா விழறேன், எடும்மா!"

யசோதா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன கண்டாளோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சுத்தாதீங்க, ஈரத்துல சுத்துனா ஒட்டிக்கும்! அப்பிடியே தூக்குங்க! பஜனைக் கோயிலுக்கு!" என்று கத்தினாள்.

பார்க்க வேண்டிய காட்சி அது. அரைத் தூக்கத்தில் இருந்த வீடுகளிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. ஆணும் பெண்ணுமாக இருபது பேர், ஆளுக்கு இரண்டு முழம் தூரத்தில், மூங்கில் கழிகளோடு பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "தொங்க உடாத! இழுக்காத! ஏய், உன் மூக்குத்தி மாட்டப்போவுது!" என்று ஒருவரை ஒருவர் வைதுகொண்டே. பஜனைக் கோயில் மண்டபம் பாவுக்குப் பாதி நீளம்தான். முதல் தூணைச் சுற்றி வளைத்து, அடுத்த தூணைச் சுற்றித் திருப்பி, முனிரத்தினத்தையே மூன்றாவது தூணாக நிற்க வைத்து ஒரு மடிப்பு அவர் முதுகைச் சுற்றிப் போயிற்று. கடைசி நாலு முழம் வாசல்படியைத் தாண்டும்போது தெருவில் சடசடவென்று இறங்கியது. பிறகு இடித்தது பாருங்கள், மண்டபத்து மணி தானாக முனகியது.

நனைந்தது அந்த நாலு முழம்தான். அதற்கு மட்டும் மறுபடி கஞ்சி போட்டுக்கொள்ளலாம். யசோதா இழைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். தடவி முடித்துவிட்டு வாய்விட்டு அழுதாள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அவள் பேருக்குத் தறி எழுதிக் கொடுத்தார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். அது பிற்பாட்டுச் சேதி. அப்போது அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ண்ணா, இந்த மடிப்ப நான் புடிச்சிக்கறேன், நீ போ. உன் கேட்டு?" என்றாள்.

கேட்டு! முனிரத்தினம் வந்த வழியே ஓடினார். மழை கண்ணைத் திறக்க விடவில்லை. வழியில் நெசவுத் தெருமுனையைத் தாண்டும்போது நினைவு வந்தது, மெயில் போன சத்தம் நடுவில் கேட்டதா இல்லையா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. 

மெயில் போயிருந்தது. தண்டவாளம் காலியாக நனைந்துகொண்டிருந்தது. மெயில் கார்டு, 'கேட்டில் ஒரு அம்மாள் பச்சை காட்டினாள்' என்று எழுதினாரோ என்னமோ, இன்று வரைக்கும் கடுதாசி வரவில்லை. பூட்டிய கேட்டின் பின்னால் பஸ் டிரைவர் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தார். பயணிகள் ஜன்னல் வழியாக ரயில்வேயின் வம்சத்தையே விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

செல்லியம்மா விட்ட இடத்திலேயே நின்றிருந்தாள். இரண்டு கையாலும் விளக்கை உயரப் பிடித்தபடி, தலைமுடி முகத்தில் ஒட்ட, நன்றாக விடிந்த வெளிச்சத்தில் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு. காலடியில் அவளுடைய இரண்டு கூடைகளும் திறந்து கிடந்தன. தார்ப்பாய் காற்றில் பறந்துபோய் வேலியில் மாட்டிக்கொண்டிருந்தது. சத்தியவேட்டிலிருந்து ஒரு சொட்டு படாமல் கொண்டுவந்த சரக்கு, அவள் கண்ணெதிரே ஊறிக்கொண்டிருந்தது. இரண்டு எட்டு வைத்திருந்தால் மூடியிருக்கலாம். அசையாதே என்று சொல்லியிருந்தார், அசையவில்லை.

அவரைக் கண்டதும், "மெயிலு நிக்காம போச்சு நைனா. திருகாணியத் தொடவே இல்ல. இத எப்போ எறக்கறது?" என்று கேட்டாள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

  முனிரத்தினம் விளக்கை வாங்கிக் கம்பத்தில் மாட்டினார். ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது, சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. அவர் கேட் பக்கம் போகவில்லை. குனிந்து, நனைந்த கூடை ஒன்றை இரண்டு கையாலும் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, கருவாட்டுத் தண்ணீர் நெற்றியிலும் மூக்கிலும் வழிய, கேட்டோரம் இருந்த தம் குடிசைக்குள் நடந்தார்.